கடிதங்கள் காத்த மலைநாடு

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலே அபெரிஸ்ட்வித் என்றொரு சிறு பட்டினம் உண்டு. கடலோரத்தில் வரிசையாக நிற்கும் உயர்ந்த வீடுகள், அவற்றின் பின்னே எழும் குன்று, குன்றின் சரிவிலே வெள்ளைக் கல்லினாற் கட்டிய பெரிய மாளிகை ஒன்று. புதிதாகச் செல்பவர் அதனை யாரோ ஒரு கோமகனின் அரண்மனை என்றே மயங்குவர். அது வேல்ஸ் தேசிய நூல்நிலையம். 1907ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றுத் தோன்றியது. வாயிலில் நின்று திரும்பிப் பார்த்தால் பட்டினத்தின் கூரைகளுக்கு அப்பால் கார்டிகன் குடா முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நாம் சென்ற காலை வேளையில் மழை தூறிக் கொண்டிருந்தது. அந்நாட்டில் மழை தூறாத காலையைக் காண்பதே அரிது என்று பின்னர் அறிந்து கொண்டோம்.

அச்சு நூல்களைத் தேடி நாம் அங்கே போகவில்லை. கட்டிடக் கலைஞர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிக் குவித்த கடிதங்களின் கதையே எம்மை அங்கு இழுத்துச் சென்றது. அவர் பெயர் கிளஃப் வில்லியம்ஸ்-எலிஸ். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்து, நாலு வயதிலே பெற்றோருடன் தம் முன்னோரின் நாடாகிய வேல்ஸுக்கு வந்து, 1978ஆம் ஆண்டு 94 வயதில் மறைந்தவர். கட்டிடக் கலைப் பள்ளியிலே அவர் பயின்றது சில மாதங்கள் மாத்திரமே. எஞ்சியதையெல்லாம் கட்டிக் கட்டியே கற்றுக் கொண்டார். வீடு கட்டுவதற்கு எவ்வளவு காலம் செலவிட்டாரோ, அழகிய இடத்திலே அழகற்ற வீடு எழாமற் தடுப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் செலவிட்டார் என்று சொல்லலாம். அந்த இரண்டாவது வேலைக்கு அவர் கைக்கொண்ட கருவி பேனாவும் தபாற்றலையும்.

இங்கே ஒரு விசித்திரம். அவருடைய கடிதங்களைத் தேடுபவன் முதலிற் போக வேண்டிய இடம் அவருடைய வீடு அன்றோ? அவ்வீடு 1951ஆம் ஆண்டிலே தீப்பற்றி எரிந்து போயிற்று. சுவர்கள் நின்றன, உள்ளே இருந்த நூல்களும் வரைபடங்களும் கடிதக் கட்டுகளும் பெரும்பாலும் சாம்பலாயின. ஆகவே 1951க்கு முற்பட்ட அவரது முயற்சிகளை அறிய வேண்டுமானால், அக்கடிதங்களைப் பெற்றுக் கொண்டவர்களின் பெட்டிகளையே நாட வேண்டியிருக்கிறது. எழுதியவர் கையில் எரிந்தது, பெற்றவர் கையில் பிழைத்தது. வேல்ஸ் நாட்டுக் கிராமியப் பாதுகாப்புச் சபையின் பழைய கோப்புகள் இந்த நூல்நிலையத்திலே பேணப்பட்டு வருகின்றன. அச்சபை 1928ஆம் ஆண்டிலே தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அந்த ஆண்டுகளில் நாட்டுப்புறத்துக்கு நேர்ந்தது என்ன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாவது உலகப் போர் முடிந்தது. மோட்டார் வண்டி பெருகியது. பெருந்தெருக்களின் இரு மருங்கும், நாடாவை விரித்தாற்போல, மைல் கணக்கில் மலிவான வீடுகள் எழுந்தன. வளைவுக்கு வளைவு விளம்பரப் பலகைகள். ஆற்றங்கரையிலே தகரக் கொட்டகை போட்ட பெற்றோற் கடைகள். இதனைத் தடுக்க அக்காலத்திலே தக்க சட்டம் இல்லை. காணிக்காரன் தன் காணியிலே எதையும் கட்டலாம். 1928ஆம் ஆண்டிலே கிளஃப் ஒரு நூல் எழுதி, பட்டினங்கள் நாட்டுப்புறத்தை விழுங்கும் விதத்தை எட்டுக் கைகள் கொண்ட சாக்குக் கணவாய்க்கு ஒப்பிட்டார். 1937ஆம் ஆண்டிலே, பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், நாவலாசிரியர் ஃபோர்ஸ்டர் முதலியோரைக் கொண்டு கட்டுரைகள் எழுதுவித்து இன்னொரு நூலையும் தொகுத்தார். இவற்றுக்கு இடையே கடிதங்கள். பத்திரிகை ஆசிரியருக்கு, அமைச்சருக்கு, காணிச் சொந்தக்காரருக்கு, மாவட்டச் சபைக்கு. இத்தகைய சபைகளின் கோப்புகளைப் புரட்டுபவருக்கு முதலில் அலுப்பே தோன்றும். ஒரு பலகை, ஒரு மின்கம்பம், ஒரு கூரையின் நிறம் என்று எல்லாம் சின்னஞ்சிறு வழக்குகள். நாடு அழிவது ஒரே நாளில் அன்று, ஒவ்வொரு கூரையாக என்பது அவர் கண்ட உண்மை. அதனாற் காப்பதும் ஒவ்வொரு கூரையாகவே நிகழ வேண்டியிருந்தது.

அபெரிஸ்ட்வித்தை விட்டுப் போகுமுன் இன்னோரிடத்தையும் பார்த்தோம். தெற்கே பஸ் வண்டியிற் சிறிது தூரம் சென்றால் லான்றஸ்டிட் என்ற ஊர் வரும். அதன் அருகே, பெருந்தெருவின் ஓரத்தில், இடிந்த குடிசை ஒன்றின் சுவர் நிற்கிறது. சிவப்பு மைப் பூச்சின்மேல் வெள்ளை எழுத்திலே இரண்டே சொற்கள். "திரவெரினை நினையுங்கள்" என்பது அவற்றின் பொருள். 1960களின் தொடக்கத்திலே ஓர் இளைஞர் அனுமதி எதுவும் பெறாமல் எழுதியது. 2019ஆம் ஆண்டிலே யாரோ அச்சுவரை உடைத்தனர். உடனே ஊரவர் கல்லை அடுக்கி மீண்டும் எழுதினர்.

திரவெரின் என்பது பாலா என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. வேல்ஸ் மொழி தவிர வேறு மொழி வீட்டிலே ஒலியாத ஊர். லிவர்பூல் மாநகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக அப்பள்ளத்தாக்கிலே அணை கட்ட 1957ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. வேல்ஸ் நாட்டு உறுப்பினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. ஊரிலிருந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். 1965ஆம் ஆண்டிலே அணை திறந்து வைக்கப்பட்டது. பள்ளிக்கூடம், தேவாலயம், இடுகாடு, தபாற் கந்தோர் யாவும் நீருள் மறைந்தன.

அவ்வூராரும் கடிதம் எழுதினார்கள் என்பதை மறக்கலாகாது. பாதுகாப்புக் குழு அமைத்தார்கள், மன்றாடினார்கள், 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஊரே திரண்டு லிவர்பூல் வீதிகளிலே ஊர்வலமாய்ச் சென்றது. 2005ஆம் ஆண்டிலே லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. நாற்பது ஆண்டு பிந்திய பதில்! ஒரே நாட்டிலே, ஒரே தபாற்றலை ஒட்டிய கடிதங்கள். ஒருவருடையது அமைச்சர் மேசைக்குப் போயிற்று. மற்றவர்களுடையது போயும் பயனில்லை. இந்த எண்ணம் எமது மனத்திலே முள்ளாகத் தைத்திருக்க, வடக்கே போகும் புகையிரதத்தில் ஏறினோம்.

அந்தப் பாதையின் அழகை விரித்துரைக்க ஒரு கட்டுரை போதாது. ஒரு பக்கம் கடல் அலை சன்னலைத் தொடுமாப்போல வரும். மறுபக்கம் ஆடு மேயும் பசுஞ்சரிவு. பார்மத் என்னுமிடத்தில் 1867ஆம் ஆண்டு திறந்த நீண்ட மரப்பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து செல்கிறது. ஹார்லெக் கோட்டை வந்து போகிறது. மின்ஃபோர்த் என்ற மிகச் சிறிய நிலையத்திலே இறங்கி, ஒரு மைல் அளவு நடந்தால் போர்ட்மேரியன்.

இது கிளஃப் தாமே கட்டிய ஊர். 1925ஆம் ஆண்டிலே, 5,000 பவுணுக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு, கழிமுகத்தை அடுத்த ஒரு குடாவையும் அங்கிருந்த பாழடைந்த வளவையும் வாங்கினார். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலத்திலே பழைய மாளிகையை விடுதியாகத் திறந்தார். பின் 1939 வரையிலும், மீண்டும் 1954 முதல் 1976 வரையிலும் கட்டிக் கொண்டே இருந்தார். மணிக்கூண்டு, குவிமாடம், தூண் வரிசை, இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசிய சுவர்கள். இத்தாலிய நாட்டுக் கடற்கரைக் கிராமம் ஒன்று வழி தவறி வேல்ஸ் மழையிலே வந்து நிற்பது போலிருக்கிறது. இயற்கை அழகு மிகுந்த இடத்திலே, அவ்வழகைக் கெடுக்காமலே கட்டிடம் எழுப்பி, அதனால் வருவாயும் பெற முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம். கட்டாதே என்று பிறருக்குக் கடிதம் எழுதியவர், இப்படிக் கட்டு என்று தம் செலவிலே எழுதிய பதில் இவ்வூர் எனலாம்.

பிறர் இடித்தெறிந்த கட்டிடங்களின் உறுப்புகளுக்கும் அவர் இங்கே அடைக்கலம் அளித்தார். ஃபிளின்ட்ஷயர் பகுதியிலே எம்ரல் மாளிகை இடிக்கப்பட இருந்தபோது, ஏலத்திற்குப் போய், ஹெர்குலிஸ் வீரனின் செயல்களைச் சித்திரித்த 17ஆம் நூற்றாண்டுச் சுண்ணக் கூரையை 13 பவுணுக்கு வாங்கினார். கூரையை வாங்கியவர் அதைத் தாங்கும் மண்டபத்தின் மற்ற உறுப்புகளையும் வாங்காமல் இருக்க முடியுமா? சன்னல், சுவர்ப் பலகை என்று ஒவ்வொன்றாக வாங்க நேர்ந்தது. இன்று அக்கூரையின் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்போர்க்குக் கழுத்து நோகும், மனம் நோகாது.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமற் கூற வேண்டும். எமக்கு அவ்வூரிலே வியப்பு உண்டாயிற்று, அமைதி உண்டாகவில்லை. அங்கே உள்ளவர் யாவரும் பார்க்க வந்தவர்கள். கூட்டம் மிகுந்து விடாமல் நுழைவுக் கட்டணத்தை ஏற்றி இறக்கிய சாமர்த்தியம் கிளஃபுக்கு இருந்ததாம். நாம் சென்றபோது கட்டணம் தடுத்ததாகத் தெரியவில்லை. அவரது உடலின் சாம்பல் இங்கேதான் விண்ணேறியது. அவர் விருப்பப்படி, மறைந்து இருபது ஆண்டுகள் அளவில், ஒரு புத்தாண்டுக்கு முந்திய இரவிலே, வாணத்தில் வைத்துக் கழிமுகத்தின் மேலே வெடித்தார்கள். வாழ்ந்தபோதும் முழங்காலளவு காற்சட்டையும் மஞ்சள் நிறக் கம்பளிக் காலுறையும் அணிந்து திரிந்த மனிதர். அவர் இறுதி யாத்திரை வேறு எப்படி இருக்கும்!

மறுநாள் அவரது வீட்டைக் காணச் சென்றோம். பிளாஸ் பிரொன்டானு என்பது அதன் பெயர். போர்ட்மேரியனுக்குச் சில மைல் வடக்கே, லான்வ்ரொதென் ஊரின் அருகே உள்ளது. 1908ஆம் ஆண்டிலே தந்தையாரிடமிருந்து பெற்ற பூர்வீக வீடு. கற்சுவர், உயரமான வேலியாக வெட்டி விட்ட ஊசியிலை மரங்கள், நீலமும் பச்சையும் கலந்த நிறம் பூசிய இரும்புக் கதவுகள். அந்த நிறத்தைச் சுற்று வட்டாரத்துக் குடிசைகளின் கதவுகளிலும் கண்டோம். தோட்டத்துப் பாதை ஒவ்வொன்றும் ஒரு மலையைக் குறி பார்த்துச் செல்கிறது. ஒரு பாதையின் முடிவிலே கினிக்ட் என்ற கூர்மலை; இன்னொன்றின் முடிவிலே மொயல் ஹெபொக். தோட்டக்காரன் மலையையும் தன் தோட்டத்துக்குள் சேர்த்துக் கொண்டான். அந்த மலையின் சரிவிலே ஒரு தகரக் கொட்டகை எழுந்தாற் பாதையே பாழ் அன்றோ? அவர் ஏன் அத்தனை கடிதம் எழுதினார் என்பது அவ்விடத்திலே நின்றபோது தெளிவாயிற்று.

வீட்டின் கீழே பரந்து கிடக்கும் பசும் வெளி ஒரு காலத்திலே கடல். 1811ஆம் ஆண்டிலே மடொக்ஸ் என்பவர் கழிமுகத்தின் குறுக்கே அணை எழுப்பிக் கடலைத் தடுத்தார். பழைய நீர்க் காட்சி போயிற்றே என்று அக்கால எழுத்தாளர் பீகொக் வருந்தினார். இன்றோ அந்தப் பசும் வெளியையே காக்க வேண்டும் என்கிறோம்.

தீக்கு இரையான வீட்டை 68 வயதிலே மீண்டும் கட்டத் தொடங்கி, 1953ஆம் ஆண்டளவில் முடித்தார். அதன் நினைவாக, சுவாலை எழும் கற்கலசம் ஒன்று நிறுத்தியிருக்கிறார். எரிந்த கடிதங்களுக்கு அதுவே சமாதி போலும். அதன் அருகே நின்று, அத்தீக்குச் சற்று முன்பின்னாக நடந்த இன்னொரு காரியத்தை எண்ணினோம். 1947ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காக்கள் பற்றி அறிக்கை அளித்த ஹொப்ஹவுஸ் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1949ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. வீடு எரிந்த அதே 1951ஆம் ஆண்டு, அக்டோபர் மாதத்திலே, 800 சதுர மைலுக்கு மேற்பட்ட ஸ்னோடோனியா நிலம் தேசியப் பூங்காவாயிற்று. கடிதங்கள் எரிந்தன, அவை கேட்ட வரம் கிடைத்திருந்தது.

நல்லவர் கையும் தவறும் என்பதற்கு ஒரு சான்று அம்மலையின் உச்சியிலேயே இருந்தது. 3,560 அடி உயரமுள்ள ஸ்னோடன் சிகரத்திலே, 1930களின் நடுவில், மலையேறும் புகையிரதத்தின் பயணிகளுக்காக ஒரு தேநீர் மண்டபம் கட்டினார்கள். அதனை வரைந்தவர் சாட்சாத் கிளஃபே! காற்றும் மழையும் மாற்றியமைத்த கைகளும் சேர்ந்து அதனைக் குலைத்து, வேல்ஸிலேயே மிக உயரமான சேரி என்று இளவரசர் சார்ல்ஸ் பழிக்கும் நிலைக்குக் கொண்டு வந்தன. 2006ஆம் ஆண்டிலே இடித்தார்கள். 2009ஆம் ஆண்டிலே புதியது திறந்தது. பிறரின் கூரையைப் பற்றி ஆயிரம் எழுதியவரின் கூரைக்கும் எதிராகக் கடிதம் எழுத ஆட்கள் இருந்தனர் என்பதிலே ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கடைசி நாளை ஃபெஸ்டினியோக் சிறு புகையிரதத்துக்கு என்று வைத்திருந்தோம். இரண்டு அடியிலும் குறைந்த அகலமுள்ள பாதை. பதின்மூன்றரை மைல் நீளம். மலையிலே வெட்டிய சிலேட்டுக் கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டு வர 1836ஆம் ஆண்டிலே இட்டது. அக்காலத்திலே கல்லேற்றிய பெட்டிகள் சரிவிலே தாமாகவே உருண்டு வரும். வெறும் பெட்டிகளை மேலே இழுத்துச் செல்லும் குதிரைகளும், இறங்கும்போது தமக்கென ஒரு பெட்டியில் ஏறி நின்று சவாரி செய்யும். மாணவர்கள் இதனை நம்ப மாட்டார்கள், ஆயினும் உண்மை.

கருவாலிக் காடுகளைச் சுற்றி வளைத்து ஏறிய வண்டி, சுரங்க வழி ஒன்றைக் கடந்ததும் காட்சி மாறிற்று. பச்சை போய்ச் சாம்பல் நிறம் வந்தது. வீட்டுக் கூரைகளுக்கு நேர் மேலே, மலை மலையாகச் சிலேட்டுக் கழிவு. ஊர் பிளைனாய் ஃபெஸ்டினியோக். ஒரு காலத்திலே 11,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். இன்று 5,000க்கும் குறைவு. உலகத்தின் எத்தனையோ பட்டினங்களுக்குக் கூரை கொடுத்த ஊர் இது. 1941ஆம் ஆண்டிலே, இலண்டன்மேற் குண்டு விழுந்த காலத்தில், தேசிய ஓவியசாலையின் ஓவியங்களை ஒளித்து வைத்ததும் இவ்வூருக்கு மேலே உள்ள மனொட் மலையின் சிலேட்டுச் சுரங்கத்திலேதான்.

கடையிலே ஒரு படம் வாங்கி விரித்தோம். பூங்காவின் நிலம் பச்சை நிறம். அதன் நடுவே, அப்பத்திலே எலி கடித்தாற்போல, ஒரு வெள்ளைத் துவாரம். அத்துவாரந்தான் நாம் நின்ற ஊர். 1951ஆம் ஆண்டிலே எல்லை வகுத்தவர்களுக்கு இந்தக் கழிவு மலைகள் அழகாகத் தோன்றவில்லை. ஆகவே சுற்றிவர யாவற்றையும் எடுத்துக் கொண்டு இவ்வூரை மட்டும் விட்டு விட்டார்கள். கப்பெல் கெலின் பள்ளத்தாக்கோ பச்சை நிறத்துக்குள்ளே இருக்கிறது. பச்சை நிறம் அதனைக் காக்கவில்லை. மலைக்குக் காவல் இருந்தது. மலையடியிலே வாழ்ந்தவருக்கு இல்லை. இதனை நாம் கிளஃப் ஒருவர்மேற் பழியாகச் சுமத்த வரவில்லை. அவர் காலத்து நல்லெண்ணம் படைத்தோர் பலரும், நிலத்தைப் பார்க்கும் பொருளாகவே பெரும்பாலும் கண்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.

காலம் மாறியிருக்கிறது. 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. பிளைனாயின் சாம்பல் மலைகளும் அதனுள் அடங்கும். 2022ஆம் ஆண்டிலே பூங்காவின் அதிகார சபை, ஸ்னோடோனியா என்ற பெயரை விட்டு எரரி என்ற பழைய வேல்ஸ் பெயரையே வழங்குவது என்று முடிவு செய்தது.

கடைக்காரப் பெண்மணியிடம், படத்திலே இந்த வெள்ளைத் துவாரம் இன்னும் இருக்கிறதே என்றோம். "ஆம், மழை உள்ளே வருவதற்கு ஒரு வழி வேண்டாமா?" என்று சிரித்தார். வெளியே அப்போது மழை வலுத்துக் கொண்டிருந்தது. கூரைச் சிலேட்டுகள் நனைந்து, சாம்பல் நிறம் மாறி, ஊதா நிறமாய் மின்னின. கீழே இறங்கும் வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தோம்.